முகாமையாளருக்குத் திறந்த கதவு
ஐக்கிய அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் கம்பனி இடமாற்றம் பெறுவோரின் நிலை

குடிவரவுச் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், எந்நாட்டவருக்குக் கதவு அடைக்கப்பட்டது என்னும் வினாவிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். ஐக்கிய அமெரிக்காவைப் பொறுத்தவரை அவ்வினா பொருத்தமானதே. சீனர், யப்பானியர், இந்தியர், தென் ஐரோப்பியர் எனப் பல மக்கட் கூட்டத்தினர் வெவ்வேறு காலங்களில் அந்நாட்டின் வாயிலில் நிறுத்தப்பட்டனர். எனினும் அதே சட்டங்களை வேறொரு வினாவோடும் அணுகலாம். கதவு அடைக்கப்பட்ட ஒவ்வொரு காலத்திலும் எவர் பொருட்டு அது சிறிது திறந்து வைக்கப்பட்டது? இவ்வாறு வினவின், நாட்டினத்தின் பெயரால் நிகழ்ந்த விலக்கலுக்குள்ளே தொழிலின் பெயரால் நிகழ்ந்த தெரிவு ஒன்றும் அடங்கியிருந்தமை புலனாகும்.

பல்தேசியக் கம்பனியொன்றில் பணிபுரியும் முகாமையாளரோ நிறைவேற்று அலுவலரோ அக்கம்பனியின் அமெரிக்கக் கிளைக்கு இடமாற்றம் பெற்றுச் செல்வதற்கு 'எல்-1' என்னும் தற்காலிக வீசாவும், தொழில்வழிக் குடிவரவின் முதல் முன்னுரிமைப் பிரிவில் நிரந்தர வதிவிட உரிமையும் உள்ளன. முதலாவது 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் இரண்டாவது 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் வகுக்கப்பட்டன. ஆயின் இவ்விரு வழிகளுக்கும் அடிப்படையான கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியதாகும். அவ்வேரிலிருந்து இவ்வழிகள் வளர்ந்தவாற்றை நோக்குவதும், அவற்றால் உரிமை பெறுபவர் உண்மையில் யாவர் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகரும் தொழிலாளரும்

1880 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, சீனத் தொழிலாளரின் வருகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அமெரிக்காவுக்கு அளித்தது. அதே உடன்படிக்கை ஆசிரியர், மாணவர், வணிகர், யாத்திரிகர் ஆகியோர் தம் விருப்பப்படி வந்து செல்லும் உரிமையையும் காத்தது. இதன் வழிவந்த 1882 ஆம் ஆண்டுச் சீனர் விலக்கற் சட்டம் தொழில்தேர்ச்சி உடையோர், அற்றோர் என்ற வேறுபாடின்றித் தொழிலாளர் அனைவரையும் தடுத்தது, வணிகரைத் தடுக்கவில்லை. சீனர் என்னும் இனத்தின் மீது விதிக்கப்பட்டதாகவே நினைவுகூரப்படும் அத்தடை, உண்மையில் உழைக்கும் சீனர் மீது விதிக்கப்பட்ட தடையாகவே தொடங்கியது.

இவ்வாறு ஒரு வகுப்பினர்க்கு விலக்களித்ததும், அவ்வகுப்பைச் சேர்ந்தவர் யாவர் என்னும் பிரச்சினை எழுந்தது. சலவைக்கடை நடத்துபவர் வணிகரா? உணவுச்சாலையில் பங்கு வைத்திருந்து அங்கேயே சமைப்பவர் வணிகரா? 1893 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதற்கு விடை கூற முற்பட்டது. நிலையானதோர் இடத்தில், தன் பெயரில், பொருள்களை வாங்கி விற்பவரே வணிகர் என அது வரையறுத்தது. தமது வியாபாரத்தை நடத்துவதற்கு இன்றியமையாத அளவுக்கு மேல் உடலுழைப்பில் ஈடுபடாதவராகவும் அவர் இருத்தல் வேண்டும். சீனா சென்று திரும்பிவரும் வணிகர், புறப்படுவதற்கு முன்னர் குறைந்தது ஓராண்டேனும் தாம் அவ்வாறு வாழ்ந்தமையைச் சீனரல்லாத நம்பத்தகுந்த சாட்சிகள் இருவரைக் கொண்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. உடலுழைப்பு இன்மை, ஓராண்டுக் காலம் ஆகிய இவ்விரண்டு அளவுகோல்களையும் வாசகர் மனத்திற் கொள்ளுதல் நன்று. பின்னர் இவற்றை நாம் மீண்டும் சந்திப்போம்.

ஏறத்தாழ இதே காலத்தில் ஐரோப்பியர் குடிவரவிலும் இத்தகைய வேறுபாடு தோன்றியது. 1885 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், வெளிநாட்டவரை முன்னொப்பந்தத்தின் பேரில் வேலைக்கு வரவழைப்பதைத் தடைசெய்தது. 'எவ்வகையான உழைப்பும் சேவையும்' என்னும் பரந்த சொற்கள் அதில் இடம்பெற்றன. நியூயோர்க் நகரத் தேவாலயம் ஒன்று இங்கிலாந்திலிருந்து போதகர் ஒருவரை ஒப்பந்தம் செய்து வரவழைத்தபோது, அச்சொற்களின்படி அது குற்றமாயிற்று. 1892 இல் இவ்வழக்கை விசாரித்த அமெரிக்க உயர் நீதிமன்றம், சட்டத்தின் சொற்கள் போதகரையும் உள்ளடக்கக் கூடுமாயினும் அதன் நோக்கம் மலிவான உடலுழைப்பைத் தடுப்பதே எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களையும் மீறி, மூளையால் உழைப்பவர்க்கு வாயில் திறக்கப்பட்டது எனலாம்.

தடைவலயமும் பங்கீடும்

1917 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியத் தடைவலயம் ஒன்றை வகுத்தது. அகலக் கோடுகளையும் நெடுங்கோடுகளையும் கொண்டு வரையப்பட்ட அவ்வலயத்துள் இந்தியாவும் இலங்கையும் அடங்கின. எனவே இலங்கைத் தொழிலாளர் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறுவது அன்று சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. ஆயின் இத்தடைவலயத்துக்கும் விலக்குகள் இருந்தன. அரசாங்க அலுவலர், சமயப் பணியாளர், வழக்கறிஞர், மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர், மாணவர், எழுத்தாளர், வணிகர் முதலியோருக்கு அது பொருந்தவில்லை. பூகோளத்தால் அடைக்கப்பட்ட வாயில் தொழிலால் திறக்கப்பட்டது.

1924 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டினப் பங்கீட்டு முறையை உறுதிப்படுத்தியது. அமெரிக்கப் பிரசைகளாகும் தகுதி மறுக்கப்பட்டிருந்த ஆசியர் குடியேறுவதை அது முற்றாகத் தடுத்தது. அதே சட்டம், வர்த்தக உடன்படிக்கையின் கீழ் வணிகம் செய்வதற்காக மட்டும் வருவோரைக் குடியேறுவோர் என்னும் வகையிலிருந்து நீக்கிப் பங்கீட்டுக்குப் புறம்பாக்கியது. உடன்படிக்கை வணிகர் எனப்பட்ட இப்பிரிவு, 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'இ' என்னும் எழுத்தைப் பெற்று முதலீட்டாளரையும் உள்ளடக்கியது. உடன்படிக்கை நாட்டவரின் வணிக நிறுவனங்களில் மேற்பார்வைப் பதவி வகிக்கும் அதே நாட்டவரும் இவ்வழியாகச் செல்ல இயலும். இலங்கைக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையிலான முதலீட்டு உடன்படிக்கை 1993 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தமையால், இலங்கையரும் இதன் முதலீட்டாளர் பிரிவுக்குத் தகுதி பெற்றனர்.

ஜனாதிபதி ட்ரூமன் ஒப்புதல் அளிக்க மறுத்தும் காங்கிரஸினால் நிறைவேற்றப்பட்ட 1952 ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டினப் பங்கீட்டை மாற்றவில்லை. அதன்கீழ் பிரித்தானியாவுக்கு ஆண்டொன்றுக்கு 65,000 க்கும், ஜேர்மனிக்கு 25,000 க்கும் மேற்பட்ட இடங்கள் ஒதுக்கப்பட்டன. இலங்கைக்குக் கிடைத்தவை 100 இடங்களே. பிரித்தானியாவின் பங்கு பெரும்பாலும் முழுமையாக நிரம்புவதில்லை. ஆகவே பிரித்தானியக் கம்பனியொன்று தன் முகாமையாளரை நியூயோர்க் கிளைக்கு அனுப்ப விரும்பின், அவர் சாதாரண குடியேறியாகவே எளிதில் வீசாப் பெற்றுச் செல்ல முடிந்தது. அத்தகையோருக்குத் தனியானதொரு வழி அக்காலத்தில் தேவைப்படவில்லை.

1965: சமத்துவம் விளைத்த சங்கடம்

1965 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டினப் பங்கீட்டு முறையை ஒழித்தது. கிழக்கு அரைக்கோள நாடுகள் அனைத்திற்குமாக ஆண்டொன்றுக்கு 170,000 வீசாக்களும், தனியொரு நாட்டுக்கு 20,000 என்னும் உச்சவரம்பும் விதிக்கப்பட்டன. குடும்ப உறவுகளுக்கே பெரும்பகுதி ஒதுக்கப்பட்டது. உயர்தொழிலாளர்க்கு நூற்றுக்குப் பத்தும், ஏனைய தேர்ச்சியுடைய மற்றும் தேர்ச்சியற்ற தொழிலாளர்க்கு நூற்றுக்குப் பத்துமாக இரு பிரிவுகள் அமைந்தன. ஆசிய மக்களைப் பொறுத்தவரை இது நெடுநாளைய அநீதியொன்றின் முடிவாகும்.

இச்சட்டத்தின் இன்னோர் அம்சம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்நாட்டுத் தொழிலாளர் போதியளவு உள்ளனர் எனத் தொழிற் செயலாளர் அறிவித்தாலன்றி வேலைக்கு வருபவர் தடுக்கப்படார். 1965 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. உள்நாட்டில் தகுந்தவர் இல்லை என்றும், வருபவரால் ஊதியமும் வேலை நிலைமைகளும் பாதிக்கப்படா என்றும் தொழிற் செயலாளர் சான்றளித்தாலன்றி வேலைக்கு வருபவர் அனுமதிக்கப்படார் என்பதே புதிய விதி.

பழைய முறை 1968 ஜூலை முதலாந் திகதியுடன் முற்றாக நீங்கியது. அதன் விளைவை ஆசிய விண்ணப்பதாரி மட்டுமன்றி, ஐரோப்பியக் கம்பனி முகாமையாளரும் உணர்ந்தார். பயன்படுத்தப்படாமற் கிடந்த தேசியப் பங்கு அவருக்கு இப்பொழுது இல்லை. பிறரோடு வரிசையில் நிற்கவும் தொழிற் சான்றிதழ் பெறவும் வேண்டியதாயிற்று. தற்காலிக வழியும் அவருக்குப் பொருந்தவில்லை. 'எச்-1' பிரிவு சிறப்பாற்றல் உடையோருக்கு உரியதாயினும், அவர் நிரப்பும் பதவியே தற்காலிகமானதாக இருத்தல் வேண்டும் என்பது அன்றைய சட்டம். கிளை முகாமையாளர் பதவியோ நிரந்தரமானது. அதில் அமர்பவரே மாறிச் செல்பவர். இவ்வாறு, நாடுகளிடையே சமத்துவத்தை நாடிய சட்டம், முன்னர்ச் சலுகை பெற்றிருந்தவரை எதிர்பாராத வகையில் வெளியே நிறுத்தியது.

1970: 'எல்' பிரிவின் தோற்றம்

இக்குறை விரைவில் நீக்கப்பட்டது. சர்வதேசக் கம்பனிகள் தம் அலுவலரை இடமாற்ற முடியாதிருப்பது அமெரிக்க வர்த்தகத்திற்கே தடையாகும் என்னும் வாதம் காங்கிரஸில் ஏற்கப்பட்டது. 1970 ஏப்ரல் 7 ஆந் திகதி ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட சட்டம் மூன்று மாற்றங்களைச் செய்தது. அமெரிக்கப் பிரசையை மணம்புரிய வருவோர்க்கு 'கே' என்னும் பிரிவை அது ஏற்படுத்தியது. 'எச்-1' பிரிவில் பதவி தற்காலிகமானதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்கியது. கம்பனிக்குள் இடமாற்றம் பெறுவோர்க்கென 'எல்' என்னும் பிரிவை உருவாக்கியது.

'எல்' பிரிவின் நிபந்தனைகள் சுருக்கமானவை. விண்ணப்பத்திற்கு முன்னர் ஓராண்டு தொடர்ச்சியாக ஒரே நிறுவனத்திற் பணியாற்றியிருத்தல் வேண்டும். அதே நிறுவனத்திற்கோ அதன் துணை அல்லது இணைக் கம்பனிக்கோ தொடர்ந்து பணியாற்றச் செல்லுதல் வேண்டும். அப்பணி முகாமை அல்லது நிறைவேற்றுத் தன்மையுடையதாகவோ சிறப்பறிவு வேண்டுவதாகவோ இருத்தல் வேண்டும். தொழிற் சான்றிதழ் தேவையில்லை. ஆண்டுக்கு இத்தனை பேர் என்னும் வரம்பும் இல்லை.

இங்கு காலக் கணக்கு கருதத்தக்கது. 1917 இல் வரையப்பட்ட ஆசியத் தடைவலயத்தின் எச்சங்கள் நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. முகாமையாளரின் சங்கடம் நீங்க இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே போதுமாயிற்று. முன்னையவருக்காகப் பேசக்கூடிய வலுவான நிறுவனம் எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை. பின்னையவருக்காகக் கம்பனி பேசியது. சட்டத்தின் வேகம் பல வேளைகளில் முறையீட்டின் நியாயத்தை விட முறையிடுபவரின் வலுவையே பொறுத்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1990: முகாமையாளர் என்பவர் யாவர்?

தற்காலிகமாகச் சென்ற முகாமையாளர் நிரந்தரமாகத் தங்கும் வழியும் காலப்போக்கில் எளிதாயிற்று. தொழிற் திணைக்களம் முன்கூட்டியே சான்றளித்திருந்த தொழில்களின் பட்டியலில் பல்தேசியக் கம்பனிகளின் முகாமையாளரும் சேர்க்கப்பட்டிருந்தனர். 1990 நவம்பரில் ஜனாதிபதி ஜோர்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட குடிவரவுச் சட்டம் இதனைச் சட்டத்திலேயே உறுதிசெய்தது. தொழில்வழிக் குடிவரவுக்கு ஆண்டுதோறும் 140,000 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு 28.6 பங்கைப் பெற்ற முதல் முன்னுரிமைப் பிரிவில், அபார ஆற்றல் உடையோர், தலைசிறந்த பேராசிரியர் மற்றும் ஆய்வாளர் ஆகியோருக்கு அருகே பல்தேசியக் கம்பனிகளின் நிறைவேற்று அலுவலரும் முகாமையாளரும் வைக்கப்பட்டனர். அறிவியலாளர் தம் ஆய்வுகளால் அவ்விடத்தை அடைய வேண்டும். முகாமையாளர் தம் பதவியால் அடையலாம்.

'எல்' வீசாவின் விதிகளும் இச்சட்டத்தால் தளர்த்தப்பட்டன. முந்திய மூன்று ஆண்டுகளுள் ஓராண்டுப் பணி போதுமானதாயிற்று. தற்காலிகமாக வருபவர் நிரந்தரமாகத் தங்க விரும்புவது அவருக்கு எதிரான காரணமாகாது என்னும் இரட்டை நோக்கக் கோட்பாடும் ஏற்கப்பட்டது. முகாமையாளரும் நிறைவேற்று அலுவலரும் ஏழாண்டுகளும், சிறப்பறிவுடையோர் ஐந்தாண்டுகளும் தங்கலாம். சிறப்பறிவுடையோர்க்கு முதல் முன்னுரிமைப் பிரிவில் இடமளிக்கப்படவில்லை.

முகாமையாளர் என்பவர் யாவர் என்பதற்கான வரைவிலக்கணத்தையும் இச்சட்டம் தந்தது. ஒரு நிறுவனத்தையோ அதன் பிரிவையோ முதன்மையாக நிருவகிப்பவராக அவர் இருத்தல் வேண்டும். பிற மேற்பார்வையாளர், உயர்தொழிலாளர், முகாமையாளர் ஆகியோரின் பணியைக் கட்டுப்படுத்துபவராகவோ இன்றியமையாத செயற்பாடொன்றை நிருவகிப்பவராகவோ இருத்தல் வேண்டும். பணியாளரை அமர்த்தல், நீக்கல் முதலியவற்றில் அதிகாரமுடையவராயும் இருத்தல் வேண்டும். தமக்குக் கீழுள்ளோர் உயர்தொழிலாளராக இருந்தாலன்றி, முதனிலை மேற்பார்வையாளர் ஒருவர் முகாமையாளராகக் கொள்ளப்படார். 'முதன்மையாக' என்னும் சொல்லே பெரும்பாலான வழக்குகளின் மையமாயிற்று. சிறு நிறுவனமொன்றின் தலைவர் தாமே பொருள்களை விற்று, கணக்கெழுதி, வாடிக்கையாளரைச் சந்திப்பாராயின், அவர் முதன்மையாக நிருவகிப்பவரா, வேலை செய்பவரா என்னும் கேள்வி எழுகின்றது. புதிதாகத் திறக்கப்படும் கிளைக்குச் செல்பவர் ஓராண்டுக்குள் அதனை ஒரு முகாமையாளரைத் தாங்கக்கூடிய நிலைக்கு வளர்த்துக் காட்ட வேண்டும் என்னும் விதியும் இதே நோக்கினது.

இங்கு 1893 ஆம் ஆண்டை நினைவுகூர்தல் தகும். சீன வணிகர் தம் கடையில் உடலுழைப்பில் ஈடுபட்டாரா என்று அன்று குடிவரவு அதிகாரி வினவினார். முகாமையாளர் தாமே அன்றாட வேலைகளைச் செய்கிறாரா என்று நூறாண்டுக்குப் பின்னர் வந்த அதிகாரி வினவுகிறார். அன்று ஓராண்டு வணிகம். பின்னர் ஓராண்டுப் பதவி. 1900 இல் உயர் நீதிமன்றம் வணிகரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவரோடு வாழும் உரிமையை ஏற்றது. 2002 ஜனவரிச் சட்டம் இடமாற்றம் பெற்றவரின் வாழ்க்கைத் துணைக்கு வேலை செய்யும் உரிமையை அளித்தது. ஒரு சட்டத்திலிருந்து மற்றது நேரே பிறந்தது என நாம் கூறவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே மனப்பாங்கின் வெளிப்பாடுகள் என்பது தெளிவு. தாமே வேலை செய்பவரிலும் பிறரை வேலை செய்விப்பவரே வரவேற்கத்தக்கவர் என்பதே அம்மனப்பாங்கு.

சிறப்பறிவும் உலக உடன்படிக்கைகளும்

இம்மனப்பாங்கு சோதனைக்குள்ளாகியது சிறப்பறிவுப் பிரிவிலாகும். கணினித் தொழில் வளர்ந்தபோது, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து சிறப்பறிவுடையோராக வந்தோர் சிலர் தம் கம்பனியின் அலுவலகத்தில் அன்றி அதன் வாடிக்கையாளரின் அலுவலகத்திலே பணியாற்றினர். உள்நாட்டுப் பணியாளர் தம் வேலையை இழக்கின்றனர் என்னும் முறைப்பாடு எழுந்தது. 2003 இல் செனற் சபைக் குழுவொன்று இதனை விசாரித்தது. அதன் விளைவான 2004 ஆம் ஆண்டுத் திருத்தம், சிறப்பறிவுடையோரை வேறொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் கூலியுழைப்பாக வழங்குவதைத் தடைசெய்தது. 2006 இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம் வெளியிட்ட அறிக்கை, முகாமையாளர், சிறப்பறிவு ஆகிய சொற்களின் பொருள் மிக விரிந்து கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. 2010 இலும் 2015 இலும் இத்தகைய பணியாளரைப் பெருந்தொகையாகக் கொண்ட கம்பனிகள் மீது மேலதிகக் கட்டணங்கள் விதிக்கப்பட்டன. இத்திருத்தங்கள் பெரிதும் சிறப்பறிவுடையோரை நோக்கியவை. முகாமையாளரின் வழி அடிப்படையில் மாறவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் வகுக்கப்பட்ட இவ்வேறுபாடு உலக வர்த்தகச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1995 இல் நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தகப் பொது உடன்படிக்கை, சேவை வழங்கும் பொருட்டு ஆட்கள் நாடு விட்டு நாடு செல்வதையும் வர்த்தகத்தின் ஒரு முறையாக ஏற்றது. ஆயினும் நாடுகள் அதன்கீழ் அளித்த வாக்குறுதிகளிற் பெரும்பாலானவை கம்பனிக்குள் இடமாற்றம் பெறும் உயர்நிலை அலுவலரைப் பற்றியனவே. சாதாரண தொழிலாளரை அனுப்ப விரும்பிய வறிய நாடுகள் அதிற் பெற்ற பயன் சொற்பம். ஐரோப்பிய ஒன்றியமும் 2014 இல் இத்தகைய இடமாற்றம் பற்றிப் பொதுக் கட்டளையொன்றைப் பிறப்பித்து, முகாமையாளர்க்கும் நிபுணர்க்கும் மூன்றாண்டு, பயிலுநர்க்கு ஓராண்டு என வரையறை செய்தது.

உரிமை யாருடையது?

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, கம்பனி இடமாற்ற வழி முகாமையாளர்க்கு அளிக்கப்பட்ட பெருஞ்சலுகையாகத் தோன்றும். அது ஓரளவு உண்மையே. ஆனால் அச்சலுகையின் சட்ட உருவத்தைக் கூர்ந்து நோக்கின் வேறொன்றும் தெரிகின்றது. 'எல்' வீசாவுக்கு மனுச் செய்வது கம்பனியே. நிரூபிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது இரு கம்பனிகளுக்கும் இடையிலுள்ள உடைமைத் தொடர்பாகும். தாய்க் கம்பனி தன் துணைக் கம்பனியை விற்றுவிடின், அங்கு பணியாற்றும் முகாமையாளரின் தகுதியே கேள்விக்குள்ளாகலாம். அவரது ஆற்றலோ அனுபவமோ குறைந்துவிடவில்லை, பங்குகளே கைமாறின. வேலை நீங்கினால் அவர் தங்கியிருக்கும் உரிமையும் முடிவை நெருங்கும். 2017 ஆம் ஆண்டு விதி இத்தகையோருக்கு அளித்த சலுகைக் காலம் அதிகபட்சம் 60 நாள்களே. 2020 ஜூனில், தொற்றுநோய்க் காலத்து வேலையின்மையைக் காரணங்காட்டி ஜனாதிபதிப் பிரகடனமொன்று 'எல்' உட்படப் பல பிரிவுகளில் புதிதாக நுழைவோரைத் தடுத்தது. அத்தடை 2021 மார்ச் இறுதிவரை நீடித்தது. அரை நூற்றாண்டாகத் திறந்திருந்த கதவும் ஒரு கையொப்பத்தால் அடைபடக்கூடியது என்பதை அது உணர்த்திற்று.

எனவே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. இங்கு எல்லையைக் கடக்கும் உரிமையைப் பெற்றது கம்பனி. மனிதர் அதனோடு கடந்தார். நிரந்தர வதிவிட உரிமையைப் பெறும் நாள்வரை அவர் அங்கு நிற்பது தமது நிறுவனத்தின் நிழலிலே. சீன வணிகருக்கேனும் கடை சொந்தமாக இருந்தது. இடமாற்றம் பெறும் முகாமையாளர்க்கு அதுவும் இல்லை.

நம் பல்கலைக்கழகங்களிற் கற்று வெளியேறும் பட்டதாரிகளுள் வணிக நிறுவனங்களிற் சேர்ந்து இவ்வாயில்களை அணுகுவோர் பலர் இருப்பர். அவர்கள் அறிந்திருக்க வேண்டியது விண்ணப்ப முறை மட்டுமன்று. தமக்காகத் திறக்கும் கதவு எவ்வளவு காலம், எவர் பொருட்டுத் திறந்திருக்கும் என்பதையும், அதே கதவு உடலால் உழைக்கும் மனிதருக்கு ஏன் நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் அவர்கள் சிந்தித்தல் வேண்டும். குடிவரவுச் சட்டம் மனிதரை மனிதராக அளவிடும் நாள் வரும்வரை, அதன் அளவுகோல்களின் வரலாற்றை ஆராய்வது வரலாற்று மாணவரின் கடமையாகவே இருக்கும்.